வலி போயிடுச்சு, பழைய வெயிட்டைத் தூக்கலாமா?

டெட்லிஃப்ட் பற்றிப் பேசினதிலிருந்து அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "தொடைக்குப் பின்னாடி மசில் இழுத்துக்கிச்சு. இப்போ வலி இல்ல. பழைய வெயிட்டுக்குப் போகலாமா?"

ஜிம்முக்குப் போங்க. பழைய வெயிட்டுக்கு இப்பவே வேண்டாம்.

லேசான இழுப்பை கிரேடு 1 என்பார்கள். ஹாம்ஸ்ட்ரிங் தசையில் சில இழைகள் மட்டும் கிழிந்திருக்கும். வலி பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஆனா கிழிந்த இடத்தில் விழுந்த ஒட்டு முழுசா உறுதியாக இன்னும் பல வாரம் ஆகும். அதனால்தான் ஹாம்ஸ்ட்ரிங் அதே இடத்தில் மறுபடி இழுப்பது ரொம்ப சகஜம்.

அப்போ முழு ஓய்வா? அதுவும் இல்ல. ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற 'ரைஸ்' முறைக்கு 1978ல் பெயர் வைத்த டாக்டர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014ல் எழுதினார். தசைக்குத் தேவை அளவான சுமை.

நீங்க 60 கிலோவில் ரொமேனியன் டெட்லிஃப்ட் செய்தவர்னு வைங்க. 30 கிலோவில் ஆரம்பிங்க. மூணு செட், எட்டு ரெப். இறக்கும்போது நாலு செகண்ட் எடுத்துக்கோங்க. செய்யும்போது பத்துக்கு ரெண்டு வரை வலி இருந்தா பரவாயில்ல.

நிஜமான டெஸ்ட் மறுநாள் காலையில. குனிஞ்சு பாருங்க. நேத்தைவிட வலியோ இறுக்கமோ கூடலைன்னா அடுத்த முறை 5 கிலோ ஏத்துங்க. கூடியிருந்தா ஒரு படி இறங்குங்க. இந்த டெஸ்டுக்கு முன்னாடி வலி மாத்திரை போடாதீங்க, அது பொய் சொல்லும்.

வாரம் ரெண்டு நாள்னா, 60 கிலோவுக்கு மூணு வாரத்தில் வந்துடலாம். வேகமான ஓட்டம், ஜம்ப் எல்லாம் அதுக்கு அப்புறம். அதுவரை பெஞ்ச் பிரஸ், உட்கார்ந்து செய்யும் ரோ எதையும் நிறுத்த வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும் கவனம். அடிபட்டப்போ 'டப்'னு சத்தம் கேட்டதா? பெரிய ரத்தக்கட்டு, தொட்டால் பள்ளம், நடக்கவே சிரமமா? இந்தக் கணக்கு உங்களுக்கு இல்ல. முதலில் டாக்டரைப் பாருங்க.

மூணு வாரம் நீளமாத் தெரியலாம். அதே இடம் ரெண்டாவது முறை இழுத்தா, பெரும்பாலும் அதைவிட அதிக நாள் போகும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.