மேற்குச் சுவரும் மேற்குச் சன்னலும்

போடிநாயக்கனூரில் ஏப்ரல் மாதத்து இரவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மணி பதினொன்று. கதிரவன் மலைக்குப் பின்னால் மறைந்து நெடுநேரமாயிற்று. தெருவில் நின்றால் இதமான காற்று. ஆனால் விடுதியின் மாடி அறைக்குள் நுழைந்தாலோ அடுப்பங்கரைக்குள் நுழைந்தது போல் இருக்கிறது. சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பு. வெயில் போன பிறகு இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

மாணவனாக இருந்தபோது இத்தகைய பழைய விடுதி ஒன்றின் மாடி அறையில் நானும் மூன்று ஆண்டுகள் இருந்தேன். அறைக்கு நால்வர். பகலெல்லாம் காற்று வரட்டும் என்று சன்னல்களைத் திறந்து வைப்போம். இரவில் கொசுவுக்கும், பறக்கும் தாள்களுக்கும் அஞ்சி அடைத்துவிடுவோம். ஓர் ஆண்டு, தேர்வுக்கு முந்திய இரவுகளில் மேற்குச் சுவரோரம் படுத்திருந்த நண்பன் சரியாகத் தூங்கவில்லை. போதிய நீரும் அருந்தவில்லை. தேர்வு நாள் காலையில் படியிறங்கும்போதே தலைசுற்றி விழுந்தான். ஓய்வும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் அவனைத் தேற்றிவிட்டன. ஆனால் அந்தத் தாளை அவன் அடுத்த பருவத்தில்தான் எழுத முடிந்தது. நாங்கள் நால்வருமே இயற்பியல் மாணவர்கள் என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி. எங்களுக்கு வேண்டிய விதிகள் எல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருந்தன!

தாமதமாக வரும் வெயில்

சுவரின் வெளிப்புறத்தில் வெயில் படுகிறது. அந்தச் சூடு உடனே உட்புறம் வந்துவிடுவதில்லை. முதல் அடுக்கு சூடேறி, அது அடுத்த அடுக்கைச் சூடாக்கி, இப்படிப் படிப்படியாகவே வெப்பம் உள்ளே நகர்கிறது. செங்கல்லும் காங்கிரீட்டும் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆனால் நிறைய வெப்பத்தைத் தமக்குள் தேக்கி வைத்துக்கொள்ளும்.

ஒன்பது அங்குலச் செங்கற் சுவரைக் கடக்க வெப்ப அலைக்கு ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகிறது. மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரில் அடித்த வெயில், இரவு 11 மணிக்கு உட்புறம் வந்து சேர்கிறது. நாம் படுக்கப் போகும் நேரம் அதுதான்! 12 சென்டிமீட்டர் தடிப்புள்ள காங்கிரீட் கூரைக்கு இந்தத் தாமதம் ஏறத்தாழ 3 மணி நேரமே. ஆகவே நண்பகல் வெயில் பிற்பகல் 3, 4 மணிக்கு உச்சவரம்பிலிருந்து நம்மீது கதிர்வீசத் தொடங்குகிறது. கூரை ஓயும் நேரத்தில் சுவர் தொடங்குகிறது.

பழங்காலக் கட்டடங்களின் பதினெட்டு அங்குலச் சுவர்களில் வெப்ப அலை நெடுந்தொலைவு செல்லவேண்டும். போகும் வழியிலேயே அது பெரும்பாலும் தேய்ந்துபோகிறது. அத்தகைய விடுதிகளில் கீழ்த்தளம் குளிர்ச்சியாகவும், பிற்காலத்தில் எழுப்பிய மாடி சூடாகவும் இருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஏலத்தோட்டம் கற்பிக்கும் பாடம்

போடிக்கு மேற்கே மலைச்சரிவுகளில் ஏலச்செடிகள் பெருமரங்களின் நிழலில்தான் வளர்கின்றன. நேர்வெயில் அவற்றுக்கு ஆகாது. செடியில் படுவதற்கு முன்பே வெயிலை மரம் தடுத்துவிடுகிறது. அறைக்கும் இதுவே முதல் விதி. சன்னலின் உட்புறம் தொங்கும் திரை, கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலையே தடுக்கிறது. திரை சூடாகி அறையையும் சூடாக்கும். வெளிப்புறம் கட்டிய கீற்றுத் தட்டியோ வெயிலை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

கூரைக்கு நிழலிட முடியாவிட்டால் வெண்மையாக்கலாம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. பாசியும் புழுதியும் படிந்து கறுத்த தளம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

மாலையில் தளத்தின்மேல் ஒரு வாளி நீர் தெளிப்பது வீணா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் தடிப்புள்ள கூரையின் நிறை ஏறக்குறைய 5,760 கிலோகிராம். காங்கிரீட்டின் தன்வெப்பத்தைக் கொண்டு கணக்கிட்டால், அதை 1 டிகிரி செல்சியஸ் குளிர்விக்க ஏறத்தாழ 5,000 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கவேண்டும். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டர் நீர் முழுவதும் தளத்தின் வெப்பத்தைக் கொண்டே ஆவியானால், கூரை 7 டிகிரி குளிரும்! உண்மையில் ஒரு பங்கு வெப்பம் காற்றிலிருந்தும் வருவதால் குளிர்ச்சி இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் ஒரு வாளிக்கு அது நல்ல ஆதாயமே. குடிநீர் வேண்டாம், துணி அலசிய நீரே போதும்.

மலை அனுப்பும் காற்று

போடி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனால் வரும் போடிமெட்டு, ஊரைவிடச் சுமார் 1,000 மீட்டர் உயரம். சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6.5 டிகிரி குறையும். ஊரில் 38 டிகிரி என்றால் மெட்டில் ஏறத்தாழ 31 டிகிரிதான்.

மலையை நாம் கீழே கொண்டுவர முடியாது. ஆனால் அதன் காற்று தானே இறங்கி வருகிறது. பகலில் சரிவுகள் சூடேறுவதால் காற்று மலைமேல் ஏறுகிறது. இரவில் வானம் தெளிவாக இருந்தால், சரிவுகள் கதிர்வீசி விரைவில் குளிர்கின்றன. அவற்றைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, அடர்த்தி கூடி, நீரோடை போலப் பள்ளத்தை நோக்கி வழிகிறது. இதற்கு மலைக்காற்று என்று பெயர். இறங்கும் வழியில் அது சற்றே சூடானாலும், பகலெல்லாம் வெந்த சுவருக்கு அது குளிர்காற்றே.

ஆக, நம்மைப் புழுக்கும் மேற்குச் சுவரில் உள்ள சன்னலே இரவில் நமக்கு உற்ற நண்பன். நாங்களோ அதை இரவில் அடைத்து, வெளிக்காற்று அறைக்காற்றைவிடச் சூடாக இருந்த பகலில் திறந்து வைத்தோம்! செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. காலை எட்டு மணிக்குமேல் வெயில் படும் சன்னல்களை அடைத்துவிடுங்கள். வெளியே குளிர்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். கொசுவுக்குக் கொசுவலை, தாளுக்கு ஒரு கல். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள்.

மின்விசிறி செய்வதும் செய்யாததும்

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. உலர்ந்த வெப்பமானியை அதன் கீழே வைத்துப் பாருங்கள், அளவு இறங்காது. குமிழில் ஈரப்பஞ்சு சுற்றி வைத்தால் இறங்கும். நம் உடல் அந்த ஈரப்பஞ்சு போன்றதுதான். சும்மா அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். கோடையில் அதற்குப் பெருந்துணை வியர்வை ஆவியாவதே. விசிறி அதை விரைவுபடுத்துகிறது. ஆகவே வியர்க்க உடலில் நீர் இல்லாவிட்டால் விசிறியின் பயன் குறைந்துவிடும். ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் அதன் மோட்டார் அறையைச் சூடாக்குவதே மிச்சம். காற்று 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடலை மேலும் சூடாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது ஈரத்துணியும் நிழலுமே துணை.

தலைசுற்றலும் களைப்பும் முதல் எச்சரிக்கைகள். உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து, விசிறிக்கொண்டே 108 ஆம்புலன்சை அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு சாதாரண வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மேற்குச் சுவரின் உட்புறம் ஒட்டியும், மற்றொன்றை வெளியே நிழலிலும் வையுங்கள். மாலை 4 மணி முதல் உறங்கும்வரை மணிக்கு ஒருமுறை அளவுகளைக் குறித்து, வரைபடத் தாளில் இரண்டு கோடுகளாக வரையுங்கள். வெளியளவு இறங்கத் தொடங்கிய பிறகும் சுவரின் அளவு ஏறுவதைக் காண்பீர்கள். வெளிக்கோடு சுவரின் கோட்டுக்குக் கீழே இறங்கும் நேரம் எதுவோ, அதுவே உங்கள் வீட்டில் சன்னலைத் திறக்கும் நேரம். அந்த ஒரு வரைபடம் எங்களிடம் அன்று இருந்திருந்தால், என் நண்பன் அந்தத் தாளை உரிய நாளிலேயே எழுதியிருப்பான்.