உங்கள் தலைக்கு ஏற்ற கிராப்பு எது?



ஒரு வெள்ளிக்கிழமை காலை. தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய முடிதிருத்தும் நிலையம். ஜும்ஆவுக்கு முன்னர் முடியைச் சீர்செய்துகொள்ள வந்தவர்கள் பலகையில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தோம். நாற்காலியில் ஏறிய பதினெட்டு வயது இளைஞர் தம் கைபேசியை நீட்டி, "இந்த மாதிரி வெட்டுங்க அண்ணே" என்றார். திரையில் ஒரு நடிகரின் படம். காதுக்கு மேலே தோல் தெரிய மழித்து, உச்சியில் மட்டும் கோழிக்கொண்டை போல முடி நின்றது.

என் அருகில் அமர்ந்திருந்த அவருடைய தந்தையார் எழுந்துவிட்டார். "இந்தக் கோலத்துல திங்கக்கிழமை கம்பெனிக்குப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. பள்ளிவாசல்ல என்னை யாரு கேப்பாங்கன்னு நினைச்சியா?"

"அத்தா, இது என் தலை."

கடை முழுவதும் அமைதியாயிற்று. முடிதிருத்துநர் கத்தரியைக் கீழே வைத்தார். அறுபதை எட்டியவர், இருவருக்கும் அறிமுகமானவர் என்பது தெரிந்தது. படத்தைப் பார்த்தார், பையனின் உச்சந்தலையை விரல்களால் கோதிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, திங்கக்கிழமை எங்க போறீங்க?"

"திருவொற்றியூர்ல அப்ரண்டிஸ். பட்டறையில."

"எதுல போவீங்க?"

"பைக்ல."

"அப்ப ஹெல்மெட்டு. வீட்டுல தலைக்கு ஊத்தறது என்ன தண்ணி?"

"போர் தண்ணிதான்."

"படத்துல இருக்கறவருக்கு இதுல ஒண்ணும் கிடையாதே தம்பி. அவருக்குப் பக்கத்துல சீப்போட ஒரு ஆளு நிக்கறாரு."

பையன் சிரித்துவிட்டார். தந்தையார் சிரிக்கவில்லை. என்றாலும் அமர்ந்தார்.

அந்த மூன்று கேள்விகளை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். சட்டை தைக்கக் கொடுக்கும்போது நம் தோளையும் மார்பையும் அளந்து கொடுக்கிறோம். இன்னொருவரின் அளவைக் கொடுப்பதில்லை. தலைமுடிக்கு மட்டும் யாரோ ஒருவரின் படத்தைக் கொடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து வெட்டியவரைக் குறை சொல்கிறோமே, அது என்ன நியாயம்?

முதலில் உங்கள் முடியை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் தடவாமல், குளித்துத் துவட்டி, முடி தானாக உலர்ந்த பின்னர் கண்ணாடி முன் நில்லுங்கள். அப்போது அது எப்படி விழுகிறதோ அதுவே அதன் இயல்பு. நேரான, தடித்த முடி என்றால் நடுத்தர நீளத்தில்தான் அது தொல்லை கொடுக்கும்; முள்ளம்பன்றியின் முள்போல் விறைத்து நிற்கும். அதனை நன்றாகக் குட்டையாக வெட்ட வேண்டும், அல்லது தன் எடையால் படியும் அளவுக்கு வளரவிட வேண்டும். சுருள் முடியின் கதை வேறு. ஈரத்தில் நீண்டு தோன்றி, உலர்ந்தபின் சுருங்கி மேலேறும். ஈரத்தில் அளவு பார்த்து வெட்டியவர் மாலையில் கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிடுவது இதனால்தான். சுருள் முடிக்காரர் "கொஞ்சம் கூடவே விடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மெல்லிய முடியுடையவர்கள் செய்யும் தவறு, இருப்பதை நீளமாக வளர்த்தால் அடர்த்தி தெரியும் என்று எண்ணுவது. நீண்ட மெல்லிய முடி தலையோடு ஒட்டிக்கொண்டு தோலைக் காட்டிக்கொடுக்கும். குட்டை முடியே அடர்த்தியாகத் தோன்றும். முன்னெற்றி ஏறத் தொடங்கியவர்கள் ஒரு காதுப் பக்கத்து முடியை வளர்த்து மறு பக்கம் வரை இழுத்து மூடுவதைக் காண்கிறோம். மயிலாப்பூரில் அது ஒருவேளை நிற்கலாம். காசிமேட்டுக் கடற்காற்றில் நிற்காது! துறைமுகச் சுவரோரம் மாலை நான்கு மணிக்கு நடந்து பாருங்கள், புரியும். தலை முழுவதும் ஒரே அளவாகக் குட்டையாக வெட்டிக்கொள்பவருக்கு மறைக்கவும் ஒன்றுமில்லை, கலையவும் ஒன்றுமில்லை.

பின்னுச்சியில் இருக்கும் சுழியையும் கவனிக்க வேண்டும். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று நம் வீட்டுப் பெரியம்மாக்கள் சொல்வார்கள். இரண்டாவது கல்யாணம் நடந்ததோ இல்லையோ, அந்த இடத்து முடி குத்திட்டு நிற்பது மட்டும் உண்மை. ஒன்று அதனை மிகக் குட்டையாக வெட்ட வேண்டும், அல்லது படியுமளவு விட வேண்டும். அனுபவமுள்ள கை இதனைத் தானே பார்த்துக்கொள்ளும். புதிய கடை என்றால் நீங்கள் சொல்லுங்கள்.

இனி நம் ஊரின் தண்ணீருக்கு வருவோம். மீஞ்சூரை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. அதே வட்டாரத்துக் காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுடன் அமைக்கப்பட்டது. ஆயினும் குளிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து தயிர்த் திப்பி போலாகி முடியில் படிந்துவிடும். முடி துடைப்பம்போல் ஆவது அதனால்தான். இதற்கு வைத்தியம் எளிது. தலைக்குச் சோப்பைத் தவிர்த்து ஷாம்புவோ சீயக்காயோ தேய்த்து, கடைசி இரண்டு குவளை மட்டும் மெட்ரோ தண்ணீரில் அலசுங்கள். இரண்டு குவளை தண்ணீரும் கிடைக்காத வீடென்றால் நீண்ட முடி வேண்டாம்.

அடுத்தது வேலை. எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுபவரின் தலையில் படிவது சாதாரணத் தூசியன்று. எண்ணூர்த் துறைமுகம் 2001ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியதே முதன்மையாக அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காக. அந்தத் தூசியும் எண்ணெய் வழியும் தலையும் சேர்ந்தால் என்ன ஆகும்? இரவில் தலையணை உறையைப் பார்த்தால் வீட்டிலுள்ள பெண்களுக்குத் தெரியும். அங்கே பணிபுரிபவர்கள் காலையில் எண்ணெய் தடவாமல், இரவு தலையை அலசிய பின்னர்ச் சிறிதளவு தடவிக்கொள்வதே பொருத்தம்.

பட்டறையில் நிற்பவர்களுக்கு இது அழகுப் பிரச்சினையன்று, உயிர்ப் பிரச்சினை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் இயந்திரத்தருகே சோதனையும் எண்ணெயிடுதலும் செய்பவர் உடலோடு ஒட்டிய ஆடை அணிய வேண்டும் என்று விதித்தது. தொங்கும் சட்டைக்கு உரிய நியாயம் தொங்கும் முடிக்கும் உரியதே. லேத்திலும் துளையிடும் இயந்திரத்திலும் குனிந்து பார்க்கும்போது நெற்றியில் விழும் முடியை இயந்திரம் கணப்பொழுதில் சுற்றி இழுத்துவிடும். வெல்டிங் செய்பவருக்குப் பொறி வேறு. எனவே முன்முடி புருவத்தைத் தொடாத அளவே அவர்களுக்கு ஏற்றது.

இரு சக்கர வண்டிக்காரர்களுக்குத் தலைக்கவசம் இருக்கிறது. 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது, "ஹெல்மெட் போட்டால் வழுக்கை விழும்" என்ற பேச்சும் உடன் வந்தது. ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாலும் உடலில் சுரக்கும் ஹார்மோனாலும் வருவது. தலைக்கவசம் அதனைக் கொண்டுவருவதில்லை. வியர்வையும் ஈரமும் அடைபட்டால் பொடுகு மிகும், அவ்வளவே. ஈரத்தலையோடு கவசம் அணியாதீர்கள். உள்ளே ஒரு பருத்தித் தொப்பி அணிந்து அதனை நாள்தோறும் துவையுங்கள். உச்சியில் நிமிர்த்தி நிறுத்தும் பாணி எதுவாயினும் அரை மணி நேரக் கவசத்தில் படுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணக் கணக்கும் உண்டு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கடைகளில் மிஷினுக்கு மாட்டும் சீப்புகளுக்கு எண்கள் உண்டல்லவா? ஒன்றாம் எண் சுமார் 3 மில்லிமீட்டர் முடியை விடும், இரண்டு, 6, மூன்று, 10, நான்கு, 13. அப்படியானால் இன்று ஒன்றாம் எண்ணில் பக்கங்களை ஒட்ட வெட்டியவரின் தலை அடுத்த மாதம் நான்காம் எண்ணில் நிற்கும். வெட்டிய அழகு போயிருக்கும். அந்தப் பாணியைக் காக்க இரண்டு, மூன்று வாரத்துக்கொரு முறை கடைக்குப் போக வேண்டும். மூன்றில் தொடங்கியவர் ஆறு வாரம் கவலையின்றி இருக்கலாம். நாட்கூலிக்காரர் எதனைத் தேர்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்க்கத்தின் எல்லையையும் இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. தலையின் ஒரு பகுதியை மழித்து ஒரு பகுதியை விடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியே ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அரபியில் அதற்குப் 'கஸஉ' என்று பெயர். பக்கங்களைத் தோல் தெரிய மழிக்கும் பாணிகள் இதன் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. மழிக்காமல் குட்டையாகக் குறைப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடி வைத்திருப்பவர் அதனைப் பேண வேண்டும் என்ற கட்டளையும் நமக்கு உண்டு. பெருமானாரின் முடி காதுமடல் வரையிலும், சில வேளைகளில் தோள் வரையிலும் இருந்ததாக அறிவிப்புகள் உள்ளன. ஆகவே நீண்ட முடியைக் கண்டவுடன் "காஃபிர் கோலம்" என்று சீறும் பெரியவர்கள் சற்று நிதானிக்கலாம். நீர் படாதவாறு உறையும் பசைகள் மட்டும் குளிப்புக்கும் மஸஹுக்கும் இடையூறு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பெரியவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018, 2019 வாக்கில் கானாப் பாடல்கள் வழியே பரவிய 'புள்ளிங்கோ' என்ற சொல்லை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் என்பதன் கொச்சை வடிவம்தான் அது. நாளடைவில் வடசென்னைப் பையன், பக்கம் மழித்த சாயத் தலை, போக்கிரி என்று மூன்றையும் ஒன்றாக்கிவிட்ட வசைச்சொல்லாயிற்று. பள்ளிக்கூடத்துக்கே முடிதிருத்துநரை வரவழைத்து மாணவர்களின் முடியை வெட்டியதாகச் செய்திகளும் வந்தன. பிறர் நம் பிள்ளைகளின் தலையைப் பார்த்துக் குணத்தை முடிவு செய்வது நமக்கு வலிக்கிறது. அதனையே நாம் வீட்டில் செய்யலாமா? 1970களில் நான் காதை மூடி முடி வளர்த்தேன். என் வாப்பா வீட்டுக்கு வரும் ஒஸ்தாவை அழைத்து, திண்ணையில் உட்கார வைத்து, தெரு பார்க்க வெட்டச் செய்தார். முடி இரண்டு மாதத்தில் வளர்ந்துவிட்டது. வாப்பாவிடம் நான் பழையபடி பேச அதைவிட நெடுநாள் ஆயிற்று.

சாயம் பூச விரும்பும் பிள்ளையிடம் ஒரு செய்தியை மட்டும் சொல்லி வையுங்கள். கருஞ்சாயங்கள் பலவற்றிலும், 'கறுப்பு மருதாணி' என்று விற்பனவற்றிலும் உள்ள பாரா ஃபீனைலீன் டையமின் என்னும் வேதிப்பொருள் சிலருக்கு முகமே வீங்குமளவு ஒவ்வாமை தரும். காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பார்த்த பின்னரே தலைக்குப் பூச வேண்டும். அரைத்த பச்சை மருதாணிக்கு இந்த அச்சம் பெரிதும் இல்லை.

பாணி எதுவாயினும் பிளேடு புதியதாக இருக்க வேண்டும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் 'பி' கிருமி, உலர்ந்த இரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். உங்கள் கண்ணெதிரே உறையைப் பிரித்து, பிளேடை இரண்டாக ஒடித்துக் கத்தியில் பொருத்தச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல தொழிலாளி இதற்குக் கோபிக்க மாட்டார். எல்லார் முகத்திலும் தேய்க்கும் படிகாரக் கல்லையும், காலையிலிருந்து மாறாத ஈரத்துண்டையும் மறுத்துவிடுங்கள். படர்தாமரை கத்தரிச் சீப்பிலும் மிஷினிலும் தொற்றும். அகீகாவுக்காகப் பச்சிளங் குழந்தையின் தலையை மழிக்கும்போது தாய்மார்கள் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். உச்சிக்குழி இன்னும் மூடாத தலை அது.

அன்று தண்டையார்பேட்டையில், பெரியவர் பக்கங்களுக்கு மூன்றாம் எண் சீப்பை மாட்டினார். மேலே கத்தரியால் மட்டும் வெட்டி, முன்முடியைப் புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிறுத்தினார். பையனின் உச்சியில் இரட்டைச் சுழி. அங்கே கொஞ்சம் கூடவே விட்டார். படத்தில் இருந்த கொண்டை இல்லை, ஆனால் சீவினால் ஒரு பக்கம் எழும்பி நிற்கும் அளவுக்கு முடி இருந்தது. கடைசியில் புதிய பிளேடின் உறையைப் பிரித்துக் கழுத்தோரத்தைச் சுத்தம் செய்தார். பையன் கண்ணாடியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியே தந்தையைப் பார்த்தார்.

தந்தையார் எழுந்து வந்து, மகனின் காதோரம் ஒட்டியிருந்த முடித்துகளைத் தம் தோள் துண்டால் தட்டிவிட்டு, "எனக்கும் அதே மூணாம் நம்பர் போடுங்க பாய்" என்று நாற்காலியில் அமர்ந்தார்.