சடப்பொருள் எஞ்சியது ஏன்? விடை தேடும் கேயோன் கணிப்புகள்

பிரபஞ்சம் தோன்றிய வேளையில் சடப்பொருளும் அதற்கு நேர்மாறான எதிர்ப்பொருளும் சம அளவிலேயே உருவாகியிருக்க வேண்டும் என்பது பௌதிகவியலாளரின் கருத்தாகும். இவ்விரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அவ்வாறாயின் இன்று விண்மீன்களும் மண்ணும் கடலும் மனிதரும் எஞ்சியிருப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடும் ஆய்வுகளில் கேயோன் என்னும் நுண்துணிக்கை அரை நூற்றாண்டுக்கும் மேலாக முக்கிய இடம் வகித்து வருகின்றது.

1947ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரொச்செஸ்டர், பட்லர் ஆகியோர் அண்டக்கதிர்கள் விட்டுச்சென்ற சுவடுகளில் இத்துணிக்கையை இனங்கண்டனர். புரோத்தனின் பாதியளவைச் சற்று விஞ்சிய திணிவு கொண்ட கேயோன், தோன்றிய கணத்திலேயே சிதைந்துவிடும். 1964இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் குரோனின், ஃபிட்ச் ஆகியோரின் குழுவினர் நீண்ட ஆயுளுடைய நடுநிலைக் கேயோன்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 500 சிதைவுகளில் ஒன்று, நடக்கவே கூடாது எனக் கருதப்பட்ட விதத்தில் இரு பையோன்களாகப் பிரிவதைக் கண்டனர். சடப்பொருளையும் எதிர்ப்பொருளையும் இயற்கை சமமாக நடத்துவதில்லை என்பதற்கான முதற் சான்று இதுவேயாகும். இதற்காக அவ்விருவருக்கும் 1980இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பாரபட்சத்தின் பெரும்பகுதி, கேயோனும் எதிர்க்கேயோனும் ஒன்றோடொன்று கலப்பதால் விளைவதாகும். சிதையும் செயலிலேயே நேரடியாக வெளிப்படும் பகுதியோ மிகமிகச் சிறியது. ஜெனீவாவின் சேர்ன், அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆகிய ஆய்வுகூடங்களின் நீண்டகாலப் பரிசோதனைகள் இதனை அளந்தன. கலப்பினால் விளைவதோடு ஒப்பிடுகையில் அது பத்தாயிரத்தில் ஏறக்குறைய 16.6 பங்கு, வழு 2.3 மட்டுமே. பரிசோதனை தரும் இந்த எண்ணை, நாம் அறிந்த கோட்பாடும் தருகின்றதா என்பதே இங்கு எழும் கேள்வி.

கேயோனைச் சிதைப்பது மென்விசையாகும். பாகிஸ்தானிய விஞ்ஞானி அப்துஸ் சலாம், கிளாஷோ, வைன்பேர்க் ஆகியோருக்கு 1979இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கோட்பாடு இவ்விசையைச் செவ்வனே விளக்குகின்றது. ஆனால் கேயோனுக்குள் இருக்கும் குவார்க்குகளைப் பிணைத்து வைத்திருப்பது வல்விசையாகும். அதன் கோட்பாடான குவாண்டம் நிறவியக்கவியலின் சமன்பாடுகளை ஒரு வரியில் எழுதிவிடலாம். கேயோனைப் போன்ற துணிக்கைக்கு அவற்றைத் தாளும் பேனாவும் கொண்டு தீர்க்க எவராலும் இயலவில்லை.

1974இல் கென்னத் வில்சன் ஒரு வழி காட்டினார். தொடர்ச்சியான வெளியையும் காலத்தையும், மீன்வலையின் முடிச்சுகளைப் போன்ற புள்ளிகளாகப் பகுத்துவிடுவதே அது. இவ்வலையே சாலகம் எனப்படும். முடிச்சுகளில் குவார்க்குகளும், முடிச்சுகளை இணைக்கும் இழைகளில் வல்விசைப் புலமும் அமையும். புலம் கொள்ளக்கூடிய எண்ணற்ற நிலைகளிலிருந்து மாதிரிகளை எழுமாற்றாகத் தெரிந்து, அவற்றின் சராசரியை மீத்திறன் கணினி கணிக்கும். ஜப்பானின் ரிக்கன் நிறுவனம், புரூக்ஹேவன், கொலம்பியா பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த ஆய்வாளர்கள் கேயோன் சிதைவுக்குப் பயன்படுத்திய சாலகத்தில் ஏறக்குறைய 21 இலட்சம் புள்ளிகள் இருந்தன. இத்தனை புள்ளிகளும் நிரப்பிய பெட்டியின் அகலமோ புரோத்தனின் குறுக்களவைப் போல் மூன்று மடங்குகூட இல்லை.

இக்குழு 2015இல் வெளியிட்ட முதல் விடை பத்தாயிரத்தில் 1.4 மட்டுமே, வழு ஏறக்குறைய 7. பரிசோதனைக்கும் கோட்பாட்டுக்கும் இடையே தெரிந்த இவ்விடைவெளியைக் கண்டு, அறியப்படாத புதிய விசை ஒன்று தலைகாட்டுகின்றதோ என்று கோட்பாட்டாளர் பலர் கட்டுரைகள் எழுதினர். அந்த ஆவலை நாம் குறைகூற முடியாது. எனினும் எச்சரிக்கை மணியொன்று அந்தக் கணிப்பிலேயே ஒலித்திருந்தது. இரு பையோன்கள் ஒன்றையொன்று சிதறடிக்கும்போது அவற்றின் அலை எவ்வளவு பெயர்கின்றது என்பதைக் காட்டும் கோணம் 35 பாகையளவில் இருந்திருக்க வேண்டும். கணினி தந்ததோ ஏறக்குறைய 24 பாகை. குழுவினர் இம்முரண்பாட்டை மறைக்கவில்லை; அதன் காரணத்தைத் தேடிச் சென்றனர்.

தாம் கணித்த இரு பையோன் நிலையோடு, உயர்சக்தி கொண்ட வேறு நிலைகளும் கலந்திருந்ததே காரணம் எனப் புலனாயிற்று. மாதிரிகளின் எண்ணிக்கையை 216இலிருந்து 741ஆக உயர்த்தி, அந்நிலைகளைப் பிரித்தறியும் வழிகளையும் சேர்த்து 2020இல் மீண்டும் கணித்தபோது கோணம் 32 பாகையாயிற்று. விடையோ 21.7 ஆக உயர்ந்தது, வழு 8.4. பரிசோதனையின் 16.6 இவ்வெல்லைக்குள் அடங்கிவிடுகின்றது. 2023இல் அதே குழு வேறொரு முறையில் செய்த கணிப்பும் பரிசோதனையோடு முரண்படவில்லை.

இதனால் புதிய விசைக்கு இடமில்லை என்று முடிவு கட்டுவது அவசரமாகும். பரிசோதனையின் வழு 14 சதவீதமளவில் இருக்க, கணிப்பின் வழு ஏறக்குறைய 40 சதவீதமாக உள்ளது. மேலும், 1973இல் கொபயாஷி, மஸ்காவா ஆகியோர் இந்தப் பாரபட்சத்துக்கு அளித்த விளக்கம் கேயோனுக்குப் பொருந்தினும், பிரபஞ்சத்தில் சடப்பொருள் இந்தளவு எஞ்சியிருப்பதை விளக்க அது போதாது. வேறேதோ ஒரு காரணம் எங்கோ மறைந்திருக்க வேண்டும். அது கேயோனில் தென்படுமா என்பதை அறிய, புள்ளிகளின் இடைவெளி மேலும் குறுகிய சாலகங்கள் வேண்டும். இதுவரை தோராயமாகவே கருதப்பட்டுவந்த மின்காந்த விளைவுகளையும், மேல், கீழ் எனப்படும் இருவகைக் குவார்க்குகளின் திணிவு வேறுபாட்டையும் கணிப்புக்குள் கொண்டுவர வேண்டும். ஆய்வாளர்கள் இப்போது ஈடுபட்டிருப்பது இப்பணியிலேயாகும்.