அடி நமுக்காத ஆப்பிள் பை

‘பை’ என்றதும் கறிகாய் வாங்கும் பையைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்! இது சாப்பிடுகிற பை. மைதா மாவில் வெண்ணெயைச் சேர்த்துப் பிசைந்து, வட்டமாக இட்டுத் தட்டில் பரப்பி, ஆப்பிள் துண்டுகளையோ பரங்கிக்காய் விழுதையோ நிரப்பி, ஓவனில் வேக வைத்து எடுக்கும் பதார்த்தம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விருந்தென்றால் இதற்குத் தனி மதிப்பு.

மேலே பார்த்தால் பொன்னிறம். வாசனையோ கூடம் வரை வீசும். ஆனால் ஒரு துண்டு வெட்டி எடுத்தால், அடிமாவு மட்டும் நமுத்த அப்பளமாகத் துவண்டு தட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். விருந்தாளிகள் எதிரில் இப்படி நேர்ந்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்! பி.பி.ஸி. டெலிவிஷனில் 2010-ல் ஆரம்பித்த ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ போட்டியில் நடுவராக இருந்த மேரி பெர்ரி அம்மையார், மேல் அலங்காரத்தைக் கண்டு மயங்கிவிட மாட்டார். அடியையும் பார்ப்பார். ஈரமாக இருந்தால் ‘சாகி பாட்டம்’ என்று தீர்ப்பு. ‘பாட்டம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் வேறோர் அர்த்தமும் உண்டல்லவா? பார்த்தவர்கள் சிரித்தார்கள், பை செய்தவர்களுக்குத்தான் அழுகை வந்தது!

அடி ஏன் நமுக்கிறது? ஆப்பிளில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கு தண்ணீர். சர்க்கரை பட்டதும் சாறு விட ஆரம்பித்துவிடும். ஓவனின் உஷ்ணம் அடிமாவை மொறுமொறுப்பாக்குவதற்குள் இந்தச் சாறு முந்திக்கொண்டால் மாவு கூழ்தான். ஆகவே சூட்டை விரட்ட வேண்டும். சாற்றை மடக்க வேண்டும்.

கல் காயாமல் தோசை வார்ப்போமா? அதேபோல், ஒரு கனமான இரும்புத் தட்டை ஓவனின் கீழ்ப் படியில் வைத்து, 220 டிகிரி சென்டிகிரேடில் நன்றாகக் காயவிடுங்கள். அதன்மேல் பைத் தட்டை வையுங்கள். 20 நிமிஷம் சென்றதும் சூட்டை 190-க்குக் குறைத்து, இன்னும் 35, 40 நிமிஷம் விடலாம். மேல் மூடியில் கீறிவிட்ட துளைகள் வழியே சாறு கெட்டியாகக் கொதித்து வரவேண்டும். மேல்புறம் முன்னாலேயே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைப் போர்த்துங்கள். அதைச் சாக்கிட்டு வெளியே எடுத்துவிடாதீர்கள். அவசரத்தால் கெட்ட பைகள்தாம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

தட்டு உலோகமாக இருந்தால் சீக்கிரம் சூடேறும். பீங்கான் சோம்பேறி. கண்ணாடித் தட்டில் அடி சிவந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கும் சௌகரியம் உண்டு. ஆனால் ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியைக் காய்ந்த இரும்பின்மேல் வைத்தால் வெடித்துவிடக்கூடும், ஜாக்கிரதை!

இனி சாறு. ஆப்பிள் துண்டுகளைச் சர்க்கரையில் பிசறி ஒரு மணி நேரம் வைத்து, வடிந்த சாற்றைத் தனியே பாகுபோல் சுண்டக் காய்ச்சிக் கொள்ளுங்கள். அதையும் ஒன்றிரண்டு கரண்டி கார்ன்ஃப்ளோரையும் பழத்தோடு கலந்தால் சாறு கெட்டிப்பட்டு நிற்கும். முழுக்க ஆறிய பிறகே மாவில் நிரப்ப வேண்டும். சுடச்சுடக் கொட்டினால் மாவிலிருக்கும் வெண்ணெய் ஓவனுக்குள் போகுமுன்பே உருகி, மாவு எண்ணெய்ப் பிசுக்காகிவிடும். அடியில் கொஞ்சம் ரொட்டித் தூள் தூவுவதும் நல்ல யுக்தி.

அமெரிக்கர்கள் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை ‘தாங்க்ஸ்கிவிங்’ விருந்துக்குச் செய்யும் பரங்கிக்காய்ப் பை வேறு ஜாதி. அதில் முட்டையும் பாலும் சேருவதால் அதிகச் சூடு ஆகாது, திரிந்துவிடும். மிதமான சூட்டிலோ அடிமாவு வேகாது. இதற்காக வெறும் மாவையே முதலில் வேக வைக்கிறார்கள். மாவின்மேல் பேக்கிங் காகிதத்தை விரித்து, உப்பிக்கொள்ளாமலிருக்க மொச்சையையோ கொண்டைக்கடலையையோ விளிம்பு வரை நிரப்பி, 200 டிகிரியில் 15, 20 நிமிஷம் வைக்க வேண்டும். பிறகு பாரத்தை எடுத்துவிட்டு, வெளிறிய நிறம் மாறும்வரை இன்னும் சில நிமிஷம். முட்டை வெள்ளைக்கருவை மெல்லப் பூசி இரண்டு நிமிஷம் மறுபடி ஓவனில் காட்டினால், மாவுக்கு ஈரம் புகாத மேற்பூச்சு ஆகிவிடும். அந்தக் கடலை சுண்டலுக்கு உதவாது. ஆனால் டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த பைக்கு ஆகும்.

வெந்ததைக் கம்பித் தட்டின்மேல் வைத்து, அடியிலும் காற்றுப்பட ஆறவிடுங்கள். மேடைமேல் அப்படியே வைத்தால் ஆவி போக வழியின்றி அடியிலேயே வேர்த்துவிடும். குழந்தைகள் நச்சரிப்பார்கள்தான், ஆப்பிள் பையை மூன்று மணி நேரமாவது தொடக்கூடாது. மறுநாள் மிச்சமிருந்தால் 175 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிஷம் காட்டுங்கள். மைக்ரோவேவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்!