தோள் முதல் விரல் நுனி வரை

வளர்ச்சி முற்றிய மனித உடம்பில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 64 எலும்புகள், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தோள்களிலும் கைகளிலுமே அமைந்திருக்கின்றன. பக்கத்துக்கு 32.

இந்த 32 எலும்புகளும் உடலின் நடு எலும்புக்கூட்டோடு பொருந்துவது ஒரே மூட்டில்தான். கழுத்தின் அடியில், மார்பெலும்பின் மேல்முனையில், காறை எலும்பு சேரும் இடம் அது. முதுகுப்புறத்துத் தோள்பட்டை எலும்போ தசைகளால் தாங்கப்பட்டு விலாவின்மேல் சறுக்கி நகர்கிறது. ஆகவே, கையை ஊன்றியோ தோள் மோதியோ விழும்போது அதிர்ச்சி காறை எலும்பின் வழியே பாய்கிறது. சிறுவர்களுக்கு அது அடிக்கடி முறிவது இதனால்தான்.

மேற்கையில் புயவெலும்பு ஒன்று. முன்கையில் இரண்டு: சுண்டுவிரல் பக்கம் முழங்கை எலும்பு, கட்டைவிரல் பக்கம் ஆரை எலும்பு. இரண்டு எதற்கு? முழங்கையை மேசைமேல் ஊன்றி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முழங்கை எலும்பு ஏறக்குறைய அசையாது நிற்க, ஆரை எலும்பு அதன் குறுக்கே புரளுகிறது. கையும் உடன் திரும்புகிறது. பூட்டில் சாவியைத் திருப்புவது இவ்வாறே. கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியதைவிட இச்செய்கை மாணவர் மனத்தில் நன்கு பதிந்ததைக் கண்டிருக்கிறேன்.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள், அங்கையில் ஐந்து, விரல்களில் 14. கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு, ஏனையவற்றுக்கு மும்மூன்று. பிறந்த குழந்தையின் மணிக்கட்டு எக்ஸ்-கதிர்ப் படத்தில் பெரும்பாலும் வெறுமையாகவே தெரியும். எட்டும் அப்போது குருத்தெலும்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக எலும்பாகும்.

அந்த எட்டில் படகெலும்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். பொடி போடுவோர் பொடி வைக்கும் இடம். ஆங்கில மருத்துவ நூல்களிலும் அதற்குப் பொடிக்குழி என்ற பொருளிலேயே பெயர்! அதன் தளத்தில் இருப்பது படகெலும்பு. என் மாணவன் ஒருவன் சடுகுடு ஆடுகையில் கையை ஊன்றி விழுந்தான். வீக்கம் சிறிது, விரல்களும் அசைந்தன. சுளுக்கு என்று எண்ணெய் தடவி நீவினார்கள். மாதங்கள் கழிந்தும் வலி தீராமல் படம் எடுத்தபோது அவ்வெலும்பு இரு துண்டாகக் கிடந்தது. அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்தே வருகிறது. ஆதலால், நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றி மடியவும் கூடும். முதல் நாள் படத்தில் பிளவு தெரியாமலும் போகலாம். விழுந்தபின் அக்குழியை அழுத்தி வலித்தால், மருத்துவர் மணிக்கட்டை அசையாமல் கட்டிவைத்து, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் படம் எடுத்துப் பார்ப்பார். அதுவரை யாரும் நீவக் கூடாது.