நிற்கிற சுடுதண்ணி

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் குளியல் என்றால் பீலிதான். மலை ஊற்றுத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தால் சோப்பு நுரை, வியர்வை, விரலில் ஒட்டிய கொழுந்துக் கறை எல்லாம் கானோடு ஓடிவிடும். அடுத்து நிற்பவருக்குப் புதுத் தண்ணீர். திருகோணமலைக் கன்னியாவுக்குப் போனாலும் இதே வழக்கம். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. யாரும் உள்ளே இறங்குவதில்லை. வாளியால் அள்ளி மேலே ஊற்றிக்கொள்கிறோம்.

ஹொட் டப் என்ற சுடுதண்ணித் தொட்டி அப்படி இல்லை. அதில் தண்ணீர் ஓடாது, நிற்கும். உள்ளேயே சுற்றி, வடிகட்டியில் புகுந்து, திரும்ப அதே தொட்டிக்கு வரும். நேற்றுக் குளித்தவர்களின் தண்ணீரில்தான் இன்று நாம் உட்காருகிறோம். நுவரெலியா, ஹட்டன் பக்கம் பழைய துரை பங்களாக்கள் விடுதிகளாக மாறிய பிறகு, தேயிலை மலையைப் பார்த்தபடி இப்படி ஒரு தொட்டி பல இடங்களில் வந்துவிட்டது. விடுமுறைக்கு வருகிறவர்கள் ஆசையோடு இறங்குகிறார்கள். நல்ல சுகம்தான், நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இது நிற்கிற தண்ணீர் என்ற ஒன்றை மனதில் வைத்தால், செய்ய வேண்டியதும் கூடாததும் தன்னால் விளங்கும்.

எங்கள் லயத்து மாமா ஒருவர் அப்படியொரு பங்களாவில் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் விடியற்காலை அவரோடு போயிருந்தேன். பனிப்புகார் இன்னும் விலகவில்லை. மூடியைத் தூக்கினார். தண்ணீர்மேல் வெள்ளை நுரை, ஓரம் முழுக்க விரலால் வழிக்கலாம் போல எண்ணெய்ப் பிசுக்கு. காகிதப் பட்டையொன்றை முக்கி எடுத்தார். குளோரின் இருந்தால் நிறம் ஏற வேண்டிய கட்டம் வெளுத்தே கிடந்தது. "ராத்திரி ஆறு பேரு தம்பி. தலைக்கு எண்ணெ வச்சிக்கிட்டே எறங்கிட்டாங்க" என்றார். முழுவதையும் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினார். ஆயிரம் லீட்டருக்கு மேல் பிடிக்கும் தொட்டி. குளிர்ந்த மலைத்தண்ணீர் 38 பாகைக்கு வர ஒரு பகல் முழுக்கப் போனது.

குளோரின் கிருமியைக் கொல்லத்தான் போடப்படுகிறது. வியர்வை, எண்ணெய், கிரீம், பவுடர், சோப்பு எது வந்தாலும் அதோடு மோதி அது தீர்ந்துபோகும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் வேகமாகத் தீரும். நீச்சல் குளத்தை விட இங்கே கவனம் கூடுதலாக வேண்டியது அதனால்தான். லீட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின், 7.0க்கும் 7.8க்கும் இடையில் பி.எச். அளவு என்பது ஹொட் டப்புக்கான பொது விதி. கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று விடுதியில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலங்கல் தண்ணீரும், வழவழப்பான சுவரும் இறங்காதே என்கின்றன. மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாசம்' அடித்தால் சுத்தமான தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குளோரின் அழுக்கோடு சேர்ந்த பிறகு வரும் வாசம் அது.

ஆகவே முதலில் சோப்புப் போட்டுக் குளித்து, தலை எண்ணெயையும் போக்கிவிட்டு இறங்குங்கள். பீலிக்கரையில் குளியல் முடியும் இடம், இங்கே தொடங்கும் இடம். குறுக்குக்கட்டோடும் சாரத்தோடும் இறங்குவதையும் தவிர்க்கலாம். துணியில் தங்கிய சலவைத்தூளும் நுரையாகப் பொங்குகிறது. தொட்டியின் உறிஞ்சுவாய் தளர்ந்த துணியை இழுத்துக்கொள்ளவும் கூடும். தலைமுடிக்கும் அதே ஆபத்து. 2002இல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஹொட் டப்பின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். அவள் பெயரிலேயே அங்கே பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீண்ட கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள். அடியிலுள்ள வடிகால் மூடி உடைந்திருந்தால் யாரும் இறங்க வேண்டாம்.

பராமரிப்புத் தவறினால் என்ன வரும்? சாதாரணமாக வருவது தோல் பிரச்சினை. குளித்து ஓரிரு நாளில், குளியலாடை மூடிய இடங்களில் சிவந்த அரிப்புப் பருக்கள் எழும்பும். பெரும்பாலும் தானாக ஆறிவிடும். பயப்பட வேண்டியது லெஜியோனெல்லா என்ற கிருமிக்கு. 25 முதல் 45 பாகை வரையுள்ள தண்ணீர் அதற்கு வாகானது. தொட்டியின் சூடும் அதற்குள்தான் அடங்குகிறது. குமிழி வெடிக்கும்போது கிளம்பும் நுண்துளி மூச்சோடு நெஞ்சுக்குள் போனால் கடும் நிமோனியா வரலாம். 1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் காட்சிக்கு வைத்த தொட்டியிலிருந்து பரவி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் அதில் குளிக்கப் போனவர்கள் அல்ல, கண்காட்சி பார்க்க வந்தவர்கள். நமது மலையில் கரண்ட் போவது புதிதல்ல. போனால் பம்ப் நிற்கும், தண்ணீர் சுழலாது. நெடுநேரம் கரண்ட் இல்லாதிருந்தால், மறுபடி சோதித்த பிறகே இறங்க வேண்டும். விடுமுறை முடிந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால், ஹொட் டப்பில் இருந்ததை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி உடம்பைப் பற்றி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் உறைபனி விழுந்து தேயிலை கருகும் ஊர் இது. அந்தக் குளிரில் கழுத்துவரை சுடுதண்ணீரில் இருந்தால் முகத்தில் குளிர்காற்று படும், உள்ளே உடம்பு கொதிப்பது தெரியாது. நேரமும் தெரியாது. தண்ணீர் 40 பாகையைத் தாண்டவே கூடாது; 15 நிமிடம் போதும். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கியிருக்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், கால் வைப்பதோ ஈரக் கல். விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து மெல்ல வெளியே வாருங்கள். துவாயைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். குளிருக்கு இதமென்று சாராயத்தோடு தொட்டியில் இருப்பதை நான் கண்டிப்பாக மறுப்பேன். அதுவும் பிரஷரை இறக்கும், உறக்கத்தையும் கொண்டுவரும். தண்ணீருக்குள் உறங்கிப்போனவர் எழும்பாமலே போகலாம். தேத்தண்ணியைக் கரையில் வைத்துக் குடிக்கலாம்.

இருதய நோய், பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு எவ்வளவென்று தெரியாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம், அவர்களின் உடம்பு மிக வேகமாகச் சூடேறிவிடும். வயிற்றோட்டம் உள்ளவர், புண் உள்ளவர் மற்றவர்களை நினைத்து விலகியிருக்க வேண்டும். இடி மின்னல் வந்தால் எல்லாரும் வெளியே. யாராவது மயங்கினால் முதலில் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, ஆளைத் தூக்கிவிட்டு, 1990க்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும்.

பங்களாவுக்குக் கீழேயே லயம் இருக்கும். அங்கே விடியமுன் எழும்பி மலைக்குப் போகிறவர்கள் உறங்குவார்கள். ராத்திரிப் பாட்டு அந்தப் பள்ளத்தில் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது கேட்டவருக்குத்தான் தெரியும். தொட்டித் தண்ணீரை மாற்றச் சொல்லும்போதும் இதை நினைக்க வேண்டும்: சில தோட்டங்களில் பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒரே ஊற்று. பழைய தண்ணீரை வெளியேற்றுவதிலும் கவனம் வேண்டும். மாமா குளோரின் தண்ணீரை உடனே திறந்துவிடுவதில்லை. குளோரின் போடாமல் மூடியைத் திறந்து வெயிலில் வைத்து, பட்டையைப் பார்த்து, நிறம் ஏறவில்லை என்றான பிறகே புல்வெளியில் பாயவிடுகிறார். நேரே கானுக்குப் போனால் ஓடைக்குப் போகும், மீனுக்கு ஆகாது. ஹட்டன் பக்கத்து ஓடைகள் பல காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களுக்குப் போய், களனி கங்கையாகி, கொழும்பின் குடிதண்ணீராகவும் ஆகின்றன.

அன்று மாமா கடைசிப் பட்டையையும் பார்த்து, மூடியைப் போட்டு, பூட்டையும் இழுத்துப் பார்த்தபோது மணி நாலரை. ஐந்து மணிக்கு அடுத்த ஆட்கள் வருவதாகச் சொன்னார்.