இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டது

புவிநடுக்கம் எதுவும் நிகழாத நாளிலும் அதிர்வுமானியின் ஊசி ஓய்ந்திருப்பதில்லை. ஐந்து முதல் பத்துச் செக்கன் இடைவெளியில் நிலம் மெல்ல எழுந்து தாழ்ந்துகொண்டேயிருக்கிறது. பெரும்பாலும் சில மைக்ரோமீற்றர்தான். கரையோரங்களில் மட்டுமல்ல, கண்டங்களின் நடுவிலும் இது பதிவாகிறது. காரணம் கடல்.

கரையில் அலை மோதுவதே இதற்குக் காரணமென்று ஜேர்மன் அறிஞர் எமில் வீகெர்ட் 1904இல் கருதினார். அது பாதி உண்மை. ஆழங்குறைந்த நீரில் அலை அடித்தளத்தை நேரடியாக அழுத்துகிறது. அவ்வதிர்வின் காலம் அலையின் காலமேயாகும். ஆனால் கருவிகளில் வலுவாக விழுவது வேறொன்று. 12 செக்கனுக்கு ஒருமுறை வரும் அலைக்கு 6 செக்கன் அதிர்வு! இந்தப் பாதிக் கணக்குத்தான் என்னை இவ்விடயத்துக்குள் இழுத்தது.

விடையை 1950இல் மைக்கல் லோங்கே ஹிகின்ஸ் தந்தார். ஒரே காலமுடைய இரு அலைத்தொடர்கள் எதிரெதிராகச் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கரையில் பட்டுத் திரும்பும் அலை வரும் அலையைச் சந்திக்கலாம். நகரும் புயலின் வெவ்வேறு பக்கங்களில் பிறந்தவையும் சந்திக்கலாம். அப்போது நீர்மட்டம் நின்ற இடத்திலேயே ஏறியிறங்குகிறது. முகடு பள்ளமாகிறது, பள்ளம் முகடாகிறது. ஒரு சுற்றில் இருமுறை நீர்ப்பரப்பு தட்டையாகிறது, இருமுறை மேடுபள்ளமாகிறது. மேடுபள்ளமாகையில் நீரின் ஈர்ப்புமையம் சற்று உயர்கிறது, தட்டையாகையில் தாழ்கிறது. ஆகவே அந்த மையமும் ஒரு சுற்றில் இருமுறை ஏறியிறங்கி அடித்தளத்தை அழுத்துகிறது. தனியொரு அலையின் அழுத்தம் ஆழத்தில் தேய்ந்துபோகும். இதுவோ தேயாமல் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்தையும் எட்டுகிறது.

நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க முயன்றவர்களுக்கு இது பெருந்தொல்லை. கடல் கொந்தளிக்கும் குளிர்காலத்தில் சிறு வெடிப்புகள் இதற்குள் மறைந்துவிடக்கூடும். எனவே இரைச்சலென்று பெயரிட்டு வடிகட்டி எறிய வழிதேடினர். எது செய்தி, எது இரைச்சல் என்பதைக் கேட்பவனின் தேவையே தீர்மானிக்கிறது. (நமது விவாதங்களுக்கும் இது பொருந்துமென்பேன், அது வேறு கட்டுரை.)

2000இல், ஹம்பேர்க்கில் ஏறக்குறைய 40 ஆண்டுகளாகப் பதிவான குளிர்கால அதிர்வுகளை ஆராய்ந்தவர்கள், வடகிழக்கு அத்திலாந்திக்கின் அலைநிலை மாறிவந்திருப்பதைக் காட்டினர். செய்மதிகள் அலையை அளக்கத் தொடங்குமுன்னரே ஆரம்பித்த பதிவுகள் அவை. அவற்றைப் பேணி வைத்திருந்தவர்கள்மேல் எனக்குப் பொறாமை. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை அறிந்த எவருக்கும் அது புரியும். 2023இல் வெளியான இன்னோர் ஆய்வு, 1980களின் இறுதியிலிருந்து உலகின் பெரும்பாலான நிலையங்களில் இவ்வதிர்வின் சக்தி கூடிவருகிறதென்று கூறிற்று. அதற்கு முந்திய காலத்தை அறிய வேண்டுமானால் பழைய தாள்களுக்குத்தான் போகவேண்டும். அவற்றில் பெரும்பகுதி இன்னும் கணினிக்கு ஏறவில்லை. சில இடங்களில் அவற்றை எறிந்தும்விட்டார்கள்.